மீறப்படும் முதன்மை ஆணை: அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சியின் அரசியல், 1956–2009

'ஸ்டார் ட்ரெக்' கதையுலகில் விண்வெளிப் படையினர் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று உண்டு. தொழில்நுட்பத்தில் பின்தங்கிய எந்தக் கோளின் இயல்பான வளர்ச்சியிலும் அவர்கள் தலையிடக் கூடாது. தம் உயிரே போவதானாலும் கூடாது. 'முதன்மை ஆணை' எனப்படும் அச்சட்டம் முதன்முறை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில். அதே அத்தியாயத்திலேயே கேப்டன் கர்க் அதை மீறினார். வளர்ந்துகொண்டிருக்கும் சமூகத்துக்குத்தான் அந்த ஆணை பொருந்தும், தேங்கிப்போன இந்தச் சமூகத்துக்குப் பொருந்தாது என்று வாதிட்டு, அந்த மக்களை ஆண்டுவந்த கணினியை அழித்துவிட்டுப் புறப்பட்டார். அப்போது தெற்கு வியட்நாமில் ஏறத்தாழ 4 லட்சம் அமெரிக்கப் படைவீரர்கள் இருந்தனர்.

அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர்களை ஆராய்வோர் அவற்றின் இலட்சிய உரைகளையும் இனச் சமத்துவக் காட்சிகளையும் பெரிதும் பேசியிருக்கிறார்கள். அவை பேசத் தக்கவையே. ஆனால் அந்நாட்டின் அரசியல் மெய்ந்நிலை தெளிவாகப் பதிவாகியிருப்பது, இலட்சியத்தை அறிவிக்கும் இடங்களில் அல்ல. அதை மீற அனுமதி கொடுக்கும் இடங்களில். யார் மீறுகிறார், என்ன காரணம் சொல்கிறார், விலையை யார் கொடுக்கிறார் என்ற மூன்று கேள்விகளோடு அரை நூற்றாண்டுத் தொடர்களைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளம்பரதாரரின் கத்தரி

1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி விடுவித்தது. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் பாராசூட் படைவீரராகப் போரிட்டுத் திரும்பிய எழுத்தாளர் ராட் செர்லிங், இந்த அநீதியைத் தொலைக்காட்சி நாடகமாக்க முனைந்தார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது ஓர் எஃகு நிறுவனம். தென் மாநிலங்களின் வெள்ளையர் அமைப்புகள் புறக்கணிப்பு மிரட்டல் விடுத்ததும் பிரதி வெட்டப்பட்டது. கொல்லப்படுபவர் பெயரற்ற ஓர் அயல்நாட்டவராக மாறினார். கதைக்களம் வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்கு நகர்ந்தது. தென்பகுதியை நினைவூட்டிவிடும் என்பதற்காக அரங்கிலிருந்த கோகோ கோலா பாட்டில்கூட அகற்றப்பட்டது. 1956 ஏப்ரலில் ஒளிபரப்பான நாடகத்தில் மிசிசிப்பியின் நிழல்கூட மிஞ்சவில்லை.

செர்லிங் இதிலிருந்து ஒரு வழி கண்டார். வேற்றுக் கோளில் நடப்பதாகச் சொன்னால் விளம்பரதாரர் பதறமாட்டார். 1959 அக்டோபரில் சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கிய 'தி ட்வைலைட் ஸோன்' அந்த வழியில் பிறந்தது. 1960 மார்ச்சில் வந்த அதன் ஓர் அத்தியாயத்தில், ஒரு தெருவில் மின்சாரம் நின்றுபோகிறது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் வேற்றுலக உளவாளி என்று ஐயுறத் தொடங்கி, கடைசியில் தம்மில் ஒருவரைச் சுட்டுக் கொன்றும்விடுகிறார்கள். மின்சாரத்தை நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்கள் தொலைவில் நிற்கும் மெய்யான வேற்றுலகத்தார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையை வாழ்ந்து கடந்த தலைமுறைக்கு இது என்ன கதை என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆக, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறிவியல் புனைவு பெரியவர்களுக்கான வடிவமாக முதிர்ந்ததற்கு விண்வெளி ஆர்வம் மட்டுமே காரணமன்று. நிகழ்காலத்தை நேரே பேச முடியாத தணிக்கைச் சூழலும் அதே அளவுக்குக் காரணம்.

புதிய எல்லையும் சிறு போரும்

ஜான் கென்னடி 1960இல் 'புதிய எல்லை' என்று முழங்கி அதிபர் தேர்தலில் நின்றார். ஆறு ஆண்டு கழித்து, 1966 செப்டம்பர் 8 அன்று, எல்லைப்புறக் கதைகளின் அச்சில் விண்மீன்களை நோக்கிப் போகும் 'ஸ்டார் ட்ரெக்' கப்பல் என்பிசியில் புறப்பட்டது. அதைப் படைத்த ஜீன் ரோடன்பெரி போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் பணியாற்றி, அதன் தலைவருக்கு உரைகள் எழுதிக் கொடுத்தவர். படையையும் காவலையும் உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதிய நல்லுலகம் அது. அதனால்தானோ என்னவோ, அங்கே அமைதியைச் சுமந்து செல்வது ஆயுதம் பூட்டிய கப்பல்.

அக்கப்பலின் மேல்தளத்தில் தேசத்தின் இலட்சியம் ஆள்களாக அமர்ந்திருந்தது. தகவல் தொடர்பு அதிகாரி ஊஹுராவாகக் கறுப்பினப் பெண்மணி நிஷெல் நிக்கோல்ஸ் நடித்தார். அவர் தொடரிலிருந்து விலக எண்ணியபோது மார்ட்டின் லூதர் கிங் நேரில் தடுத்து, அந்த இடத்தின் அருமையை எடுத்துச் சொன்னதாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். சுலுவாக நடித்த ஜார்ஜ் டகேய், ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே அமெரிக்க அரசு குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைத்த குழந்தைகளுள் ஒருவர். 1967இல் ரஷ்ய மாலுமி செக்கோவும் சேர்ந்தார். பனிப்போரின் நடுவே இது சிறிய செயலன்று.

இத்தனையும் சொன்ன பிறகு 1968 பிப்ரவரி 2 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்துக்கு வர வேண்டும். வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கதை நடக்கும் கோளில் வில்லும் அம்பும் தாண்டாத இரு கூட்டத்தார். கர்க்கின் தரப்புக்கு எதிரியான கிளிங்கான் பேரரசு கிராமத்தாருக்குத் துப்பாக்கி கொடுக்கிறது; மலைவாசிகள் செத்து விழுகிறார்கள். மலைவாசிகளின் தலைவன் டைரீ, கர்க்கின் பழைய நண்பன், கொல்லாமையில் உறுதியானவன். அவனுக்கும் அதே அளவு, அதே தரத்தில் துப்பாக்கி கொடுத்துச் சமநிலை காப்பதே வழி என்கிறார் கர்க். மருத்துவர் மெக்காய் கொதிக்கிறார். கர்க் அவருக்கு 20ஆம் நூற்றாண்டில் ஆசியக் கண்டத்தில் நடந்த சிறு போர்களை எடுத்துக்காட்டி, அன்றும் இதுவே தீர்வாயிற்று என்கிறார். நேயருக்கு வியட்நாம் என்று பெயர் சொல்லத் தேவையே இல்லை.

முடிவு கவனிக்கத் தக்கது. மனைவி கொல்லப்பட்டதும் டைரீ கொல்லாமையைக் கைவிட்டு, துப்பாக்கி கேட்டு நிற்கிறான். கர்க் நூறு துப்பாக்கிகள் செய்ய எவ்வளவு நேரமாகும் என்று தன் பொறியாளரிடம் கேட்கச் சொல்கிறார். அவர் குரலில் வெற்றி இல்லை, களைப்பும் கசப்புமே இருக்கின்றன. ஆனாலும் கப்பல் ஏறிப் போய்விடுகிறார். மீறியவர் கப்பல் தலைவர், காரணம் எதிரியின் மீறல், விலை கொடுப்பவர்கள் அங்கேயே இருக்கப்போகிறவர்கள். இன்னொரு நுட்பமும் உண்டு: காக்கப்பட வேண்டிய மலைவாசிகளுக்கு வெளிர்நிறத் தலைமுடி, எதிரியின் ஆயுதம் பெற்ற கிராமத்தாருக்குக் கருமுடி. ஒப்பனை அறையிலேயே நேயரின் பரிவு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

நான்கு வாரம் கழித்து, மார்ச் 1 அன்று, ரோடன்பெரி எழுதிய மற்றோர் அத்தியாயம் வந்தது. நுண்ணுயிர்ப் போருக்குப் பிறகு காட்டுமிராண்டி நிலைக்குத் தள்ளப்பட்ட யாங்குகள், கோம்களிடமிருந்து நாட்டை மீட்கிறார்கள். யாங்கி, கம்யூனிஸ்ட் என்பவற்றின் சிதைவுகளே அப்பெயர்கள். யாங்குகள் பொருள் தெரியாமல் ஓதிவரும் புனித நூல் அமெரிக்க அரசமைப்புச் சட்டம். கர்க் அதன் முகப்புரையை முழங்கிப் படித்துக் காட்டி, இச்சொற்கள் கோம்களுக்கும் உரியவை, எல்லாருக்கும் உரியவையாக இல்லாவிட்டால் இவற்றுக்குப் பொருளே இல்லை என்கிறார். விண்வெளியின் மறுகோடியிலும் அமெரிக்கக் கொடியைக் காட்டும் இந்த அத்தியாயத்தைப் பலர் அப்பட்டமான தேசப் பெருமிதம் என்று ஒதுக்குவார்கள். என் பார்வையில் இது முந்தைய மாதத்து அத்தியாயத்துக்கு எழுதப்பட்ட மறுப்பு. எதிரிக்கும் அதே உரிமை உண்டென்றால் நூறு துப்பாக்கிகளுக்கு எங்கே இடம்?

அந்தப் பிளவு எழுத்தாளர் உலகிலும் வெடித்திருந்தது. 1968 ஜூன் மாத 'கேலக்ஸி' இதழில் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் இரு அணியாகப் பிரிந்து கட்டண விளம்பரம் வெளியிட்டார்கள். வியட்நாம் போரை ஆதரித்தவர்களில் ராபர்ட் ஹைன்லைன் இருந்தார். எதிர்த்தவர்களில் ஐசக் அசிமோவ், ரே பிராட்பரி, உர்சுலா லெ குவின் ஆகியோரோடு ரோடன்பெரியின் பெயரும் இருந்தது. 79 அத்தியாயங்களோடு தொடர் 1969 ஜூன் 3 அன்று முடிந்தபோது, நிலவில் மனிதன் கால் வைக்க ஏழு வாரமே இருந்தது.

சமாதானத்தின் மீது ஐயமும் நம்பிக்கையும்

அடுத்த இருபதாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். நேயர்களின் கடித இயக்கத்தால் நாசா தன் முதல் விண்ணோடத்துக்கு 1976இல், கர்க்கின் கப்பலுடைய பெயரான 'என்டர்பிரைஸ்' என்பதையே சூட்டியது. அதற்கு முதலில் வைக்கவிருந்த பெயர் 'கான்ஸ்டிடியூஷன்'. 1978 செப்டம்பர் 17 அன்று ஏபிசியில் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடங்கியது. எதிரியை நம்பிச் சமாதான உடன்படிக்கைக்குப் போன தலைவர்களால் மனித குலமே அழியும் கதை அது. சோவியத் ஒன்றியத்தோடு இணக்கம் பேசிய கார்ட்டர் ஆட்சியின் மீது வலதுசாரிகள் வைத்த குற்றச்சாட்டும் இதுவே. அந்த முதல் ஒளிபரப்பின் நடுவில் எகிப்து–இஸ்ரேல் தலைவர்கள் கேம்ப் டேவிட் உடன்பாட்டில் கையெழுத்திடும் காட்சி நேரலையாகக் குறுக்கிட்டது.

1987இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' வழித்தொடர் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எதிர்த்திசையில் சென்றது. முன்னாள் எதிரியான கிளிங்கான் ஒருவர் மேல்தளத்தில் அமர்ந்தார். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் காலத்தின் தளர்வு அதில் தெரிகிறது. கேப்டன் பிக்கார்ட் முதன்மை ஆணையை வேதமாகவே கொண்டார். பனிப்போர் முடியும் நாள்களில் ஆயுதம் கொடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தொடரின் 1990ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்று, வன்முறைப் போராட்டம் வென்றதற்கு எடுத்துக்காட்டாக 2024இல் அயர்லாந்து ஒன்றிணைந்ததாகப் போகிறபோக்கில் சொன்னது. பிபிசி தன் முதல் சுற்று ஒளிபரப்பில் அந்த அத்தியாயத்தையே விட்டுவிட்டது.

ஆக்கிரமிக்கப்பட்டவரின் குரல்

1993 ஜனவரியில் வந்த அடுத்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' கப்பலை விட்டு, ஓரிடத்தில் நிலையாக நிற்கும் விண்நிலையத்துக்கு மாறியது. இந்த மாற்றம் அரசியல் மாற்றம். கப்பல் வாராவாரம் போய்விடலாம். நிலையத்தில் இருப்பவர் தாம் செய்ததன் விளைவோடு வாழ்ந்தாக வேண்டும். அருகிலுள்ள பஜோர் கோள் பல பத்தாண்டு ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் விடுபட்டது. நிலையத்தின் இரண்டாம் நிலை அதிகாரி கிரா நெரிஸ் அந்த மண்ணின் மகள், முன்னாள் போராளி. ஆக்கிரமிப்பாளருக்குக் குண்டு வைத்ததை அவர் மறைப்பதில்லை. தன்னைப் பயங்கரவாதி என்று சொல்லிக்கொள்ளவும் தயங்குவதில்லை. உதவ வந்திருக்கும், விண்வெளிப் படையை நடத்தும் கோள்களின் கூட்டமைப்பையும் அவர் முதலில் நம்புவதில்லை.

இதே தொடரின் 1998 ஏப்ரல் அத்தியாயம் ஒன்றில் தளபதி சிஸ்கோ, தோற்றுக்கொண்டிருக்கும் போரில் ரோமுலன் பேரரசை இழுத்துவிடப் பொய்ச் சான்று தயாரிக்கிறார். அது மோசடி என்று கண்டுகொண்ட ரோமுலன் செனட்டரை சிஸ்கோவின் கூட்டாளி குண்டு வைத்துக் கொல்கிறான். பழி எதிரியின் மேல் விழுகிறது. ரோமுலன்கள் போருக்கு வருகிறார்கள். சிஸ்கோ இவ்வளவையும் தன் பதிவேட்டில் ஒப்புக்கொண்டு, கடைசியில் அப்பதிவை அழிக்கிறார். 1964இல், நடக்காத தாக்குதலையும் காரணம் காட்டி வியட்நாம் போருக்கு வழிவிட்ட டோங்கின் வளைகுடாத் தீர்மானம் நிறைவேறியதை அறிந்த நேயருக்கு இது பழைய வரலாறு. ஐந்து ஆண்டு கழித்து, 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களுக்குச் சான்று காட்டப்பட்டபோது அதுவே புதிய வரலாறாயிற்று. கர்க் கசப்போடு மீறினார்; சிஸ்கோ மீறலை மறைக்கவும் வேண்டியிருந்தது. தேசத்தின் மனச்சான்று நகர்ந்த தூரம் இதில் அளவிடக் கிடைக்கிறது.

காற்றுப்பூட்டு அறையில் இரு கைதிகள்

'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் 'என்டர்பிரைஸ்' தொடர் 2001 செப்டம்பர் 26 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பதினைந்து நாள் கழித்துத் தொடங்கியது. 2003இல் அதன் கதை திரும்பியது: பூமி திடீரெனத் தாக்கப்பட்டு 70 லட்சம் பேர் இறக்கிறார்கள், கப்பல் பழிதீர்க்கப் புறப்படுகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் கேப்டன் ஆர்ச்சர் கைதி ஒருவனைக் காற்றுப்பூட்டு அறையில் அடைத்து, மூச்சு முட்டும் வரை காற்றை வெளியேற்றித் தகவல் பெறுகிறார். தகவல் சரியாகவே இருக்கிறது. சித்திரவதை பலன் தருகிறது என்பதே அக்காட்சியின் முடிவு.

2004 ஏப்ரலில், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்த படங்கள் வெளியாயின. புதுப்பிக்கப்பட்ட 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வின் ஓர் அத்தியாயம் 2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. அதில் மனிதரின் எதிரியான சைலான் இனத்துக் கைதியின் தலையை வாளித் தண்ணீரில் மீண்டும் மீண்டும் அமுக்குகிறார்கள். அவன் சொன்ன அணுகுண்டு பொய். சித்திரவதையால் ஒன்றும் கிடைக்கவில்லை. உயிருக்கு உறுதி கொடுத்த குடியரசுத் தலைவரே பிறகு அவனைக் காற்றுப்பூட்டு வழியாக வெட்டவெளியில் தள்ள உத்தரவிடுகிறார். கருவி ஒன்றே, இரண்டு ஆண்டுகூட இடைவெளி இல்லை. அதற்குள் காட்சியின் பொருள் தலைகீழாகிவிட்டது.

இந்தப் புதிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வை வடிவமைத்த ரொனால்ட் மூர் 'டீப் ஸ்பேஸ் நைன்' எழுத்தாளர் குழுவில் இருந்தவர். 2006 அக்டோபரில் அவர் இன்னொரு படி ஏறினார். சைலான்களின் ஆக்கிரமிப்பில் சிக்கிய மனிதர்கள், ஆக்கிரமிப்பாளருக்காகத் திரட்டப்பட்ட மனிதக் காவலர்களின் விழாவில் தற்கொலைக் குண்டை வெடிக்கச் செய்கிறார்கள். ஈராக்கில் காவல்துறையில் சேரப் போன இளைஞர்கள் குண்டுகளுக்குப் பலியாகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நேயர் அன்பு கொண்ட பாத்திரங்களே குண்டு கட்டி அனுப்பினார்கள். 2009 மார்ச் 17 அன்று ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் இத்தொடரின் நடிகர்களும் படைப்பாளிகளும் பங்கேற்க, மனித உரிமை, பயங்கரவாதம் பற்றிக் கலந்துரையாடல் நடந்தது. மூன்று நாளில் தொடர் நிறைவுற்றது.

அது துணிவான படைப்பு. அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஆக்கிரமிப்பின் வலியை அமெரிக்க நேயருக்கு உணர்த்த, அமெரிக்கரைப் போன்றவர்களையே ஆக்கிரமிக்கப்பட்டவராக்க வேண்டியிருந்தது. தன் சமயம், தன் மண், தன் கோபம் ஆகியவற்றோடு ஓர் அயலாரே ஏழு ஆண்டு வாராவாரம் சமமாக நின்று வாதாடியது 'டீப் ஸ்பேஸ் நைன்' ஒன்றில்தான். இந்த வரிசையில் அதையே முதலிடத்தில் வைக்கிறேன். இத்துறையில் ஆய்வு செய்ய வரும் இளையோர் கர்க்கின் உரைகளை விட்டுச் சற்று விலகி, கிரா நெரிஸின் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள்.