தாய்மைக்கு வலிவூட்டிய கண்டுபிடிப்பு

தாய்மையைப் போற்றாத சமுதாயம் இல்லை. ஆயினும், தாயாகப் போகிறவளின் உணவைப் பற்றிக் கவலை கொண்டோர் சிலரே. பம்பாயின் பஞ்சாலைகளில் உழைத்த ஏழை மகளிர் பலர், கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தச்சோகைக்கு இரையாயினர். அதனை ஆராய 1928ஆம் ஆண்டில் இந்தியா வந்தார் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவர் அம்மகளிரின் உணவை நுணுகி நோக்கினார். சத்துக் குறைவே நோய்க்கு வித்து எனத் தெளிந்தார். மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். 1931இல் இவ்வுண்மையை அவர் உலகிற்கு அறிவித்தார்.

1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலமே அச்சத்து எனப் பின்னர் விளங்கியது. கருத்தரிக்கும் முன்பிருந்தே அதனை உட்கொள்வது குழவியின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கும் என்பதை 1991இல் வெளிவந்த ஆய்வு மெய்ப்பித்தது.

கீரையும் பயறும் அச்சத்தினை உடையவை. மருத்துவர் தரும் மாத்திரையும் இன்றியமையாதது. கருவுற்றவளின் நலத்துக்கு அவள் மட்டுமே பொறுப்பல்லள். உணவிடும் குடும்பமும் கூலி தரும் முதலாளியும் அப்பொறுப்பில் பங்குடையர். பம்பாய்த் தாய்மார்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவேயாகும்.