பசித்திருக்கும் பூதம் - பால்வெளியின் நடுவில் ஓர் அமைதியான கருந்துளை

ஈக்காட்டுத்தாங்கல் என்றதும் நூறடி சாலை நெரிசலும், மெட்ரோ ரயில் நிலையமும், கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய லேத் பட்டறைகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊர்ப் பெயரின் பின்பாதி வேறு கதை சொல்கிறது. தாங்கல் என்றால் மழைநீரைத் தேக்கி வைக்கும் சிறிய ஏரி. ஏரிக்கு வந்து சேரும் நீர் எல்லாம் மதகு வழியாக வயலுக்குப் போய்விடுவதில்லை. மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து வெளியே போய்விடும். இந்தத் தாங்கலையும் அந்த லேத் பட்டறையையும் மனதில் வைத்துக் கொண்டால் போதும், நமது பால்வெளியின் நடுவில் இருக்கும் மாபெரும் கருந்துளையின் கதை எளிதாகப் புரிந்துவிடும்!

கதை சென்னையில் தொடங்குகிறது. மயிலாப்பூரில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு நட்சத்திரத்தின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதைக் கப்பலிலேயே கணக்கிட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குதான் அந்த வரம்பு. அதைத் தாண்டினால் நட்சத்திரம் மேலும் சுருங்க வேண்டியதுதான். 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த கூட்டத்தில் புகழ்பெற்ற எடிங்டன் இதைக் கேலி செய்தார். ஆனால் சந்திரசேகரின் கணக்கே சரியானது. 1983ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1963ல் மார்ட்டன் ஷ்மிட் என்பவர் குவாசர் என்ற பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கண்டறிந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டுமானால் ஒரு முழு நட்சத்திர மண்டலத்தையே மிஞ்சும் ஒளி வேண்டும். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? கருந்துளையில் விழும் வாயு நேராக உள்ளே போய் விழாது. சுழன்று சுழன்று ஒரு வட்டாகப் படிந்து, உராய்ந்து, சூடேறி ஒளிரும். விழும் பொருளின் நிறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றலாக மாறிவிடும். சூரியனுக்குள் ஹைட்ரஜன் எரிவதில் ஒரு சதவீதம் கூட மாறுவதில்லை!

1969ல் லிண்டன்-பெல் ஒரு கேள்வி எழுப்பினார். குவாசர்கள் பழங்காலத்தவை என்றால், அணைந்து போன குவாசர்கள் இன்று எங்கே? அருகில் உள்ள நட்சத்திர மண்டலங்களின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்றார் அவர். 1974ல் பாலிக், பிரவுன் இருவரும் தனுசு ராசித் திசையில், பால்வெளியின் மையத்தில், ஒரு சிறிய ரேடியோ மூலத்தைக் கண்டார்கள். அதுதான் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார். தூரம் சுமார் 27,000 ஒளி ஆண்டுகள். எடை நாற்பது லட்சம் சூரியன்களுக்கும் சற்று அதிகம்.

இங்கேதான் சிக்கல் வந்தது. சுற்றியுள்ள பெரிய நட்சத்திரங்கள் வீசும் காற்றிலிருந்து, ஆண்டுக்கு மூன்று பூமி எடையுள்ள வாயு இதன் பிடியில் சிக்குகிறது. வழக்கமான கணக்குப்படி அது பிரகாசமாக ஒளிர வேண்டும். ஆனால் அதன் மொத்த ஒளி சில நூறு சூரியன்கள் அளவுதான். நாம் வெறும் கண்ணால் பார்க்கும் திருவாதிரை நட்சத்திரம் ஒன்றே பல்லாயிரம் சூரியன்களின் ஒளி கொண்டது! அப்படியானால் அங்கே கருந்துளையே இல்லையோ என்ற சந்தேகமும் எழுந்தது.

விடை தேடியவர்களில் ஒருவர் ரமேஷ் நாராயண். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டில் பணியாற்றியவர். 1994ல் இன்சு யீயுடன் சேர்ந்து ஒரு விளக்கம் தந்தார். 1995ல் ரோஹன் மகாதேவனும் சேர, மூவரும் அதை சஜிட்டேரியஸ் ஏ ஸ்டாருக்கே பொருத்திக் காட்டினார்கள். ஜப்பானின் இச்சிமாரு 1977லேயே இதே போன்ற கருத்தைச் சொல்லியிருந்தார், ஆனால் அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

விளக்கம் இதுதான். லேத்தில் இரும்பைக் கடையும்போது பெரும் சூடு பிறக்கிறது. அதில் பெரும்பங்கு சுருள் சுருளாக விழும் சீவலோடு போய்விடுகிறது. சீவல்தான் சூட்டைச் சுமந்து செல்கிறது. அதே போல, வாயு மிக மெல்லியதாக இருந்தால் அதிலுள்ள அணுத்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவது அரிது. கனமான அயனிகளிடம் இருக்கும் சூடு, ஒளியை உமிழும் எலக்ட்ரான்களுக்குப் போய்ச் சேருவதில்லை. எனவே வாயு ஒளிராமல், சூட்டையும் சுமந்து கொண்டே கருந்துளைக்குள் விழுகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. விழும் இடத்தில் கெட்டியான தரை இருந்தால், சுமந்து வந்த சூடு மோதிய இடத்தில் வெளிப்பட்டே ஆக வேண்டும். தரை உள்ள நியூட்ரான் நட்சத்திரங்கள், இதே போல் பசியோடு இருக்கும் சிறிய கருந்துளைகளை விட அதிகம் ஒளிர்கின்றன என்று 1997ல் நாராயணும் கார்சியாவும் மெக்ளின்டாக்கும் காட்டினார்கள். சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த அந்த மங்கலே, தரை இல்லாத ஒரு பொருளுக்குச் சாட்சியாகிவிட்டது!

ஆனால் முதல் விளக்கத்திலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. சிக்கிய வாயு எல்லாம் உள்ளேதான் போகிறதா? 1999 ஜூலையில் நாசா ஓர் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விண்ணில் ஏவியது. பெயர் சூட்ட நடந்த போட்டியில், ஒரு பள்ளி மாணவரும் ஓர் ஆசிரியையும் எழுதிய பெயர் வென்றது. சந்திரா! சந்திரசேகர் 1995லேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி 2012ல் பல வாரங்கள் பால்வெளியின் மையத்தைப் பார்த்தது. 2013ல் வெளியான முடிவின்படி, சிக்கிய வாயுவில் நூற்றில் ஒரு பங்கு கூடக் கருந்துளையின் விளிம்பை எட்டுவதில்லை. மீதி எல்லாம், கலங்கலில் வழியும் நீர் போல, வெளியே வீசப்பட்டு விடுகிறது. ஆக, இரண்டு காரணங்கள். வரும் தீனி மிகக் குறைவு, அதுவும் ஒளிராமல் விழுகிறது.

2020ல் கென்செல், கெஸ் இருவரும் இந்தப் பொருளின் எடையை நிறுவியதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 2022 மே 12 அன்று, நடுவே இருளும் சுற்றிலும் ஒளி வளையமுமாக அதன் படம் வெளியானது.

இந்தப் பூதம் எப்போதும் பட்டினியாக இருந்ததில்லை. மையத்துக்கு அருகில் உள்ள வாயு மேகங்களில் பழைய எக்ஸ் கதிர் ஒளி எதிரொலிக்கிறது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அது சிறிது காலம் பளிச்சிட்டது என்று 2023ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்போது நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம் இயங்கிக் கொண்டிருந்தது. ஆனால் எக்ஸ் கதிர் கண்ணுக்குத் தெரியாது, காற்று மண்டலத்தையும் தாண்டாது. எனவே அங்கிருந்தவர்களுக்கு அந்த இரவுகளும் வழக்கமான இரவுகளாகவே கழிந்திருக்கும்...