நே வின்

பர்மாவை 1962 முதல் 1988 வரை தன் பிடியில் வைத்திருந்த படைத்தளபதி. முதல் முறை அவர் ஆட்சியைப் பறிக்கவில்லை. ஆளுங்கட்சி பிளவுபட்டுத் தத்தளித்த 1958இல், காபந்து அரசு அமைக்கும்படி பிரதமர் ஊ நூவே அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1960 தேர்தலுக்குப்பின் அதைத் திருப்பித் தந்தவர், 1962 மார்ச் 2 அன்று படைபலத்தால் கைப்பற்றினார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் அவர்களது சங்கக் கட்டடமே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964இல் தம் கட்சி தவிர ஏனைய கட்சிகளைத் தடைசெய்தார்.

வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர் பலர், உழைத்துச் சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினர். அவர்களுள் தமிழர் மிகப்பலர். சென்னையின் பர்மா பஜார் அவர்களுக்காகத் தோன்றியதே.

ஒரு தனிமனிதனின் விருப்பம் எவ்வளவு தூரம் சட்டமாகலாம் என்பதற்கு அவர்காலப் பணத்தாள்கள் சான்று. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் ஈடு எதுவுமின்றிச் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. ஏழைகளின் சேமிப்பு ஒரே நாளில் அழிந்தது. இது அப்பட்டமான கொள்ளை. பிறகு வந்தவை 45, 90 கியாட் தாள்கள். இரண்டும் ஒன்பதால் வகுபடுபவை. அது அவருடைய ராசி எண் எனப் பரவலாக நம்பப்பட்டது.

மக்கள் கொதித்தெழுந்தனர். 1988 ஜூலையில், படை சுட்டால் வானத்தை நோக்கிச் சுடாது என எச்சரித்துவிட்டே பதவி விலகினார். ஆகஸ்ட் எழுச்சியில் படை அப்படியே செய்தது. செப்டம்பர் 18இல் இராணுவம் மீண்டும் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது. 2002 டிசம்பரில் வீட்டுக்காவலில் நே வின் இறந்தார். மாணவர் கொலைகளுக்காக அவர் ஒருநாளும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.