பூச்சடைக்கு விலை வந்த கதை

சித்திரை, வைகாசியில் மல்லிகை மலிந்துவிட்டால் தேனாம்பேட்டையில் என் அத்தைக்கு ஓய்வே இருக்காது. எல்டாம்ஸ் ரோட்டைச் சுற்றி யார் வீட்டில் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, முகூர்த்தம் என்றாலும் பெண்ணின் சடையில் பூ தைக்க அவரைத்தான் அழைப்பார்கள். வேலை முடிந்ததும் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு ரவிக்கைத் துண்டு. காசைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை. சுப காரியத்துக்குக் கூலி கேட்பதா என்பதே அன்றைய நினைப்பு. நான் அதே வேலையைக் காசுக்குச் செய்கிறேன், காசுக்குக் கற்றுத் தருகிறேன். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை என்னிடம் கற்க வரும் பெண்களுக்குச் சொல்வதுண்டு. 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை ஊறிய நீரில் மாதவியின் கூந்தல் கழுவப்படுகிறது. புகையில் உலர்த்தி, வகைவகையாகப் பிரித்துக் கஸ்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. அந்தக் கூந்தலுக்கு ஒருத்தி தானே இத்தனையும் செய்துகொள்ள முடியுமா? பின்னால் நின்ற கைகள் யாருடையவை என்று காவியம் சொல்லவில்லை. சடை பின்னியவர்களின் வரலாறு முழுக்க இப்படித்தான். நகைக்கும் பூவுக்கும் பெயர் உண்டு, விரலுக்கு இல்லை.

நகைகளின் பெயர்களை அத்தை ஒப்பிப்பார். உச்சியில் ராக்கொடி, வகிட்டின் இருபுறம் சூரியன், சந்திரன், பின்னலின் மேல் ஜடைநாகம், நுனியில் குஞ்சலம். சதிர் என்ற பழைய நடனம் ஆடிய குடும்பங்களில் இவற்றைப் பூட்டும் பக்குவமும் தாயிடமிருந்து மகளுக்குப் போனது. ருக்மிணி தேவி 1936-ல் அடையாற்றில் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியைத் தொடங்கிய பிறகு, ஆட்டமே அறியாத வீடுகளிலிருந்தும் பெண்கள் ஆட வந்தார்கள். அவர்களின் தாய்மார்களும் சடை அலங்காரம் கற்கவேண்டி வந்தது. ஆடுகிற பெண்ணின் சடை சுழன்று முகத்தில் அடிக்கக் கூடாது. அதனால் அதை இடுப்புப் பட்டைக்குள் செருகிவிடுவார்கள். நாகர்கோவில் பக்கம் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளும், அவற்றைப் போலச் செய்தவையும் மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன.

நகை கடையில் கிடைக்கும். பின்னலைக் கைதான் கற்க வேண்டும். மூன்று கால் பின்னல் எல்லாருக்கும் தெரியும். ஐந்து காலில்தான் பாடம் தொடங்குகிறது. வலது ஓரக் காலை அடுத்த காலுக்கு மேலாகவும் அதற்கடுத்ததற்குக் கீழாகவும் விட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு இடது ஓரத்துக் காலையும் அப்படியே. மாற்றி மாற்றிச் செய்தால் பின்னல் பாய் முடைந்தாற்போல் தட்டையாக இறங்கும். பூ தைக்க அந்தத் தட்டை வேண்டும். உருண்ட பின்னலில் பூ வரிசை ஒருபக்கம் சாயும். ஆயிரங்கால் பின்னலில் இரண்டே பிரிவு. ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் மெல்லிய இழை எடுத்து எதிர்ப்பக்கம் சேர்ப்பது. இழை மெலிய மெலிய அழகு கூடும், பொறுமையும் கூடவேண்டும். முடி குட்டையாக இருந்தால் சவுரி. அதைப் பிடரியிலேயே பிரித்துச் சேர்த்தால் கனம் தெரியாது, பாதியில் சேர்த்தால் இழுக்கும்.

அத்தை பலமாகச் சொன்னது ஒன்று: “கால் தளர்ந்தா பூவெல்லாம் தொங்கிடும்டி, மொதல்ல பின்னலை இறுக்கு.” மல்லிகையை மொட்டாக, மதியத்துக்குள் தைத்துவிட வேண்டும். காம்பு உள்ளே, முனை வெளியே. மாலையில் சடையோடு சேர்ந்து மலரும். இடையிடையே கனகாம்பரம், ஓரத்தில் மரிக்கொழுந்து, மேலே மடித்துத் தைத்த தாழம்பூ மடல். பூ தைத்துக்கொள்ளும் பெண் மூன்று மணி நேரம் தலையை அசைக்காமல் குனிந்தே இருப்பாள். பிறகு மவுண்ட் ரோடு ஸ்டுடியோவில், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ. தைத்தவர்களுக்கு அந்தப் படங்களே சாட்சி. படத்தில் அவர்கள் இல்லை.

இந்த வேலைக்கு விலை வந்தது சடை தலையை விட்டுப் பிரிந்தபோதுதான். வாழைப்பட்டையின் மேல் தனியாகப் பூ தைத்து, பின்னலின் மேல் வைத்துக் கட்டும் ரெடிமேட் சடை வந்தது. 1996-ல் கோயம்பேடு சந்தை வந்தபின் பூ வாங்கும் பாதையும் மாறியது. முன்பு ஜார்ஜ் டவுன் பூக்கடைக்குப் போவோம். இப்போது விடியுமுன் கோயம்பேடு, பகலில் வீட்டில் தையல், சாயங்காலம் பெட்டியில் ஈரத்துணி போர்த்தி மண்டபத்துக்கு. பெட்டியில் வைத்துக் கொடுக்கும் பொருளுக்கு விலை சொல்லலாம். மடியில் சாய்ந்திருக்கும் பெண்ணின் தலைக்கு எப்படிச் சொல்வது? பியூட்டி பார்லர்கள் வந்தபின் அந்தக் கூச்சமும் போயிற்று.

“தலையிலேயே தைத்த அழகு வருமா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வராதுதான். பின்னலின் வளைவோடு பூ வளைவது பட்டையில் கிடைக்காது. அதற்காக இதைச் சீரழிவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. கணவன் இல்லாததால் முன்பு சுப வீட்டுக்குள் கூப்பிடப்படாத ஒரு பெண், இன்று தன் வீட்டுத் திண்ணையில் சடை தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அவளுடைய பூ எத்தனையோ மணப்பெண்களின் முதுகில் இருக்கிறது. பழைய முறையில் அவளுக்கு இடமே இருந்ததில்லை.

கற்க வருபவர்களுக்கு நான் இரண்டையும் சொல்லித் தருகிறேன். முதலில் தலையில் தைப்பது, பிறகு பட்டையில். வளைகாப்புக்குச் சில வீடுகளில் இன்னும் தலையிலேயே தைக்கச் சொல்கிறார்கள். சந்தோஷமாகப் போகிறேன். ரெடிமேட் சடையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறேன், சீப்பைத் தொடுமுன்பே.