சிலைகளின் பின்னால்

கட்டடக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலங்காரத்தை ஒரு பக்கமும் உபயோகத்தை மறுபக்கமுமாகப் பிரித்து வைத்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினையில் எனக்குச் சந்தேகம் எழுந்தது, கிழக்கு இங்கிலாந்தின் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலயத்து வாசலால்தான்.

அங்கே இரண்டு வாசல்கள் இன்றும் நிற்கின்றன. பழையது நார்மன் கோபுரம். மடாதிபதி ஆன்செல்ம் காலத்தில், 1120க்கும் 1148க்கும் இடையில், மாதாகோயிலின் மேற்கு முகத்துக்கு எதிரே எழுந்தது. கனத்த சுவர், அரைவட்ட வளைவுகள். தன் பலத்தில் ஐயமில்லாத ஓர் அதிகாரம் கட்டியது அது. மற்றது, இரு நூற்றாண்டு கழித்து, சிறிது தூரத்தில் கட்டப்பட்ட பெரிய வாசல். இதில் அந்தத் தன்னம்பிக்கை இல்லை. இடையில் நடந்தது என்ன?

ஊர் முழுக்க மடத்தின் சொத்து. சந்தை வரி மடத்துக்கு. ஊர்த்தலைவனை ஏற்பதும் மறுப்பதும் மடம். வணிகர்கள் தங்களுக்கென ஒரு சங்கமும் சாசனமும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1327 ஜனவரியில், இரண்டாம் எட்வர்ட் அரசு கவிழ்ந்த குழப்பத்தில், மடத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். மடாதிபதி பயந்து சாசனம் எழுதிக் கொடுத்தார். லண்டன் போனதும் மறுத்தார். கலவரம் மீண்டும் மூண்டது, வாசல் அழிந்தது. அடுத்த ஆண்டு மடாதிபதியையே கடத்திக் கடல் தாண்டிப் பிரபாண்டுக்குக் கொண்டுபோனார்கள். இறுதியில் ஊர் மீது விதிக்கப்பட்ட நஷ்டஈடு 1,40,000 பவுன். பெரும்பகுதி பின்னர் தள்ளுபடியாயிற்று.

இதன் பிறகு கட்டப்பட்டதுதான் பெரிய வாசல். ஊரைப் பார்த்த முகத்தில் நுட்பமான வேலைப்பாடு. கூர்வளைவுகளின் கீழ் வரிசையாகச் சிலை மாடங்கள். ஆனால் பெரிய ஜன்னல் ஒன்றும் கிடையாது. உட்புறம் திரும்பிய முகத்தில்தான் அது இருக்கிறது. வழியை அடைக்க மேலிருந்து இறங்கும் கதவு. மாடங்களில், சிலைகள் மறைத்த இடத்தில், அம்பெய்யும் இடுக்குகள்.

இங்கே அலங்காரம் எது, உபயோகம் எது? சிலை அழகுக்காக வைக்கப்பட்டது, மறைப்பதற்காகவும் வைக்கப்பட்டது. கும்பிட நிமிர்ந்த கண்ணும் குறி வைத்த கண்ணும் ஒரே மாடத்தில் சந்தித்துக்கொள்ளும்படி இருந்தது ஏற்பாடு. சிற்பியின் கை உண்மையாகத்தான் உழைத்திருக்கிறது. அதுவே என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. போலியான கலையாக இருந்தால் ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. மடம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த எட்மண்ட், 869இல் டேனியர்களால் கொல்லப்பட்ட அரசன். மரத்தில் கட்டி அம்புகளால் துளைத்தார்கள் என்கிறது மரபு. அம்பால் செத்தவனின் வீட்டில், அம்பு புனிதர்களின் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தது. துறவிகள் யாருக்கும் இது உறைத்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

வாசல் காப்பாற்றவில்லை. 1381 ஜூனில் விவசாயிகளின் எழுச்சி இவ்வூரை எட்டியபோது, மடத்தில் இரண்டாம் நிலையிலிருந்த பிரையர் ஜான் டி கேம்பிரிட்ஜின் தலை சந்தைவெளியில் கம்பத்தில் ஏறியது. 1539இல் அரசன் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தான். கற்களை ஊரார் வீடுகட்ட எடுத்துப் போனார்கள். அவர்கள் கேட்ட சாசனம் 1606இல் வந்தது.

இன்று அந்த வாசல் வழியே பூங்காவுக்குப் போகிறார்கள். சிலைகள் இல்லை. மாடங்கள் வெறுமையாக நிற்கின்றன. இடுக்குகளைப் பார்க்க இப்போது தடையொன்றுமில்லை.