நில அளவரின் ஒரு நாள்: நிர்வாகத் தாமதம் பற்றிய ஒரு வாதம்

தொழிற்சாலையில் உருவான செயல்முறைச் சீரமைப்பு முறைகள் அரசு அலுவலகத்துக்கு வந்து சேரும்போது, பெரும்பாலும் ‘யாரும் சும்மா இருக்கக் கூடாது’ என்ற ஒரே கட்டளையாகச் சுருங்கிவிடுகின்றன. தாமதத்தை வளர்ப்பதே இந்தக் கட்டளைதான் என்பது என் வாதம்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் ஏ. கே. எர்லாங் 1909இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு. அதன் மிக எளிய கணக்கே போதும். கோப்புகள் ஒழுங்கின்றி வந்து சேரும், முடிக்கும் நேரமும் ஒழுங்கின்றி மாறும் ஒற்றை மேசையில் இருப்பவர், தம் நேரத்தில் 80 விழுக்காடு வேலையில் இருந்தால், ஒரு கோப்பை முடிக்கச் சராசரியாக ஆகும் நேரத்தைப் போல் நான்கு மடங்கு நேரம் புதிய கோப்பு சராசரியாகக் காத்திருக்கும். 95 விழுக்காடானால் 19 மடங்கு. ஓய்வில்லாத மேசைக்கு முன்னால்தான் வரிசை நீளும்.

ஆகவே கேட்க வேண்டியது, வேலை எங்கே முட்டி நிற்கிறது என்பதே. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்குத் தெளிவான விடை கண்டது. முட்டுமிடம் அறுவை மருத்துவரின் கை. அவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அகற்றப்படும்போதே அடுத்த மேசையில் நோயாளியின் கண் சுத்தம் செய்யப்பட்டு, கருவிகள் அடுக்கப்பட்டிருக்கும். முடித்தவர் நுண்நோக்கியோடு அப்படியே திரும்புவார். ரத்த அழுத்தம், கண்ணில் பொருத்த வேண்டிய வில்லையின் அளவு எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் முன்பே பார்த்திருப்பார்கள். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்வது இதனால்தான். அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான அரோலாபின் மலிவு வில்லையைப் புகழ்வோர் இந்த இரண்டாவது மேசையை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருவோம். பட்டா மாறுதலில் உட்பிரிவு இல்லாதவை ஆவணங்களைப் பார்த்தே முடியும். உட்பிரிவு உள்ளவற்றுக்கு நில அளவர் வயலில் இறங்க வேண்டும். முட்டுமிடம் அவருடைய கள நாள். போன இடத்தில் பக்கத்து நிலக்காரருக்கு அறிவிப்பே போய்ச் சேரவில்லை. பத்திரத்தின் பரப்பு புலப்படத்தோடு ஒத்துவரவில்லை. எல்லைக்கல் சீமைக்கருவேலத்துக்குள் எங்கோ கிடக்கிறது. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு திரும்பினால் அன்றைய பொழுது போனது, கோப்பு மறுபடியும் வரிசையில். இணைய விண்ணப்பம் இந்த வரிசைக்குள் ஆட்களை விரைவாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. அளவரின் நாள் என்னவோ அதே நாள்தான்.

பத்திரம், வில்லங்கச் சான்று, கூட்டுப்பட்டாதாரர் சம்மதம் மூன்றும் சரிபார்க்கப்பட்டு, அறிவிப்பு சார்பு செய்யப்பட்டு, கல் இருக்குமிடம் துப்புரவான பிறகே அளவருக்குத் தேதி குறிக்க வேண்டும். இதற்கு முன்வரிசைப் பணியாளர்களிடம் கையிருப்பு நேரம் இருந்தாக வேண்டும். சில நாள் அவர்கள் மேசை காலியாகத் தெரியும்; தணிக்கை அதை விரயமாக எழுதக் கூடாது.

கண்புரை எல்லாம் ஒருமாதிரி, நிலத் தகராறுகள் அப்படியல்ல என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அரவிந்திலும் விழித்திரை, கண்நீர் அழுத்தச் சிக்கல்களுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. வழக்கில் சிக்கிய மனைகளை அதுபோலத் தனி வரிசைக்கு மாற்றினால், தகராறில்லாத ஐந்து சென்ட்காரர் அவற்றின் பின்னால் மாதக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. மாற்றம் பலிக்கிறதா என்று அறிய, மாதாந்திர நிலுவை அறிக்கையில் ஒரு பத்தியைக் கூட்டினால் போதும்: அளவர் முதல்முறை போனபோதே அளந்து முடிந்தவை எத்தனை.