தேனியில் ஒரு வீடியோ அறை

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்க வங்கியில் வீடியோ மீட்டிங். இங்கே எட்டு பேர், திரையில் நாலு ஊர். "கேக்குதா? தெரியுதா?" என்பதிலேயே பத்து நிமிஷம் போயிடும். போன வாரமும் அதே கதைதான். உட்கார்ந்த இடத்திலேயே எனக்குக் கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சுது.

சொந்த ஊர் மூணாறு பக்கம் சித்திரபுரம். கீழே இறங்குவதுதான் எங்களுக்கு எப்போதும் பாடு. 1908இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் விட்டார்கள். டாப் ஸ்டேஷன் வரை அதில் வந்த தேயிலை, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி போடிக்குப் போனது. 1924 வெள்ளத்தோடு ரயில் போச்சு. தேயிலைக்காவது ரயிலும் ரோப்வேயும் இருந்தது. வைத்தியத்துக்கு இறங்கும் ஆளுக்கு எங்க காலத்திலும் பஸ்தான்.

அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய், அதாவது க்ளாக்கோமா. வலி இல்லை. தேனி போய் வந்தால் ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டார். நான் ஸ்கூல் முடிப்பதற்குள் ஒரு கண் போய்விட்டது. அந்த நோயில் போன பார்வை திரும்பாது.

இனி விஷயத்துக்கு வர்றேன். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அரவிந்த் கண் மருத்துவமனை. 2000களின் நடுவில் அவர்கள் கிராமங்களில் 'விஷன் சென்டர்' திறந்தார்கள். சின்ன அறை, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர், பரிசோதனைக் கருவி, வெப்கேம். டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே இருப்பார்.

படம் தெளிவாகப் போக நல்ல இணைப்பு வேண்டுமே? பெர்க்லியில் எரிக் ப்ரூவர் குழு சாதாரண வைஃபையையே எடுத்துக்கொண்டது. வைஃபை ஒவ்வொரு தகவலையும் அனுப்பிவிட்டு "கிடைச்சுது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். தொலைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி அனுப்பும். அவர்கள் மென்பொருளை மாற்றி, இரு முனையும் முறைவைத்துப் பேசும்படி செய்தார்கள். உயரமான கோபுரங்களில் நேருக்கு நேர் பார்க்கும் ஆண்டெனாக்கள். 2006இல் தேனி மருத்துவமனை ஐந்து கிளினிக்குகளோடு இப்படி வீடியோவில் பேசிக்கொண்டிருந்தது.

காமர்ஸ் படிச்சவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? கோபுரமும் ரூட்டரும் செலவுப் பக்கம். நோயாளியின் பஸ் காசு, கூட வருகிறவரின் கூலி, தள்ளிப்போடாமல் காப்பாற்றிய கண் எல்லாம் வரவுப் பக்கம். அந்த அறை ஓடியதற்குக் காரணம் கேமரா மட்டும் இல்லை. மறுமுனையில் கண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தர் இருந்தார். யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லணும் என்று டாக்டர் அங்கேயே முடிவு பண்ணலாம். எங்க மீட்டிங் அறையில் திரை மட்டும்தான் பெரிசு.

அப்பாவுக்கு அது பத்து வருஷம் லேட். க்ளாக்கோமா குடும்பத்தில் தொடரும் நோய். அதனால் போன மாசம் நான் சோதித்துக்கொண்டேன், இப்போதைக்குப் பிரச்னை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோ கால் போடும்போது, "சாப்பிட்டீங்களா" என்பதோடு "கண்ணைக் காட்டினீங்களா" என்றும் கேளுங்க.